தகரத்துக்கு அனுமதி இல்லை

ஊரில் அவரை டேப்பு என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் அவர் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து சொல்வார்கள். நகராட்சியில் வேலி பார்க்கிற உத்தியோகம். இப்படியும் ஒரு வேலையா என்று சிரிக்காதீர்கள். வீடு கட்டுவதற்கு ஒரு சட்டம் இருக்கிற மாதிரி வீட்டைச் சுற்றி அடைப்பதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. அந்த இரண்டாவது சட்டத்துக்கு இவர்தான் காவல். பெல்ட்டில் எப்போதும் ஓர் இரும்பு அளவு நாடா தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார் என்று அலுவலகத்து டைப்பிஸ்ட் அம்மா சொல்வார். அதையும் அவர் சந்தேகமாகத்தான் சொல்வார்.

சட்டம் பெரிய விஷயமில்லை. தெருவைப் பார்த்த வேலி இடுப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் என்றால் ஆள் உயரம் வரை போகலாம். கம்பி வலை, மரப்பலகை, செங்கல், செடி, இவை நாலும் சரி. பலகை அடித்தால் மழைத் தண்ணீர் ஓட அடியில் ஒரு கை நுழைகிற அளவுக்கு இடைவெளி விட வேண்டும். தகரம் கூடவே கூடாது. முள்கம்பியும் சுவர் மேல் கண்ணாடிச் சில்லும் கூடாது. கடைசியாக ஒரு வரி வரும்: வேறு உபயோகத்துக்காகச் செய்த எந்தப் பொருளாலும் வேலி அமைக்கலாகாது. அந்த வரியை எழுதிய மகராசன் சாதாரண ஆளில்லை, மனுஷ புத்தி எதுவரை போகும் என்று தெரிந்தவன். கட்டில் தலைமாட்டை வரிசையாக நட்டு வைத்தவர் உண்டு. ஒருத்தர் பழைய ஃபிரிட்ஜ் கதவுகளாலேயே வேலி போட்டு, முட்டை வைக்கிற குழிகளில் பூச்செடி வளர்த்தார். டேப்பு அதைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் நோட்டீஸ் எழுதினார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஏன் இப்படிக் கட்டினாய் என்று யாரையும் கேட்க மாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறார். கேட்டால் போதும், ஜனங்கள் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நாய்க்குப் பயம், மாமியாருக்குப் பயம், எதிர்வீட்டான் பார்வை சரியில்லை, பிள்ளை ரோட்டுக்கு ஓடுகிறான். எல்லாம் நியாயமான காரணங்கள். கேட்ட பிறகு பேனா எழுத மறுத்தது. அப்போதிருந்த மேலதிகாரி கூப்பிட்டு, "உன் வேலை அளக்குறது. அழுகை கேக்குறது இல்ல" என்று வெளுத்து வாங்கினார். அன்றோடு டேப்பு கேட்பதை நிறுத்தினார். நாடாவை நீட்டுவார், படிப்பார், எழுதுவார், கிளம்புவார். யார் வாயைத் திறந்தாலும் "ரூல்ஸ்ங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையிலேயே தலைமுடி கொட்டி, மிச்சம் நரைத்து, ஓய்வு பெறுகிற வயதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

வீட்டில் அவர் ஒண்டிக்கட்டை. மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மகள் தூரத்து நகரத்தில் குடும்பமும் குழந்தையுமாக இருக்கிறாள். வாரம் ஒருமுறை போன் செய்வாள். "சாப்பிட்டியாப்பா, மாத்திரை போட்டியாப்பா, சரிப்பா, குழந்தை அழறான், வெச்சிடறேன்." அவ்வளவுதான். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, குழந்தை நிஜமாகவே அழும். சமையல்கட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சின்னப் பாத்திரம். மற்றதெல்லாம் மேல் அலமாரியில் கவிழ்ந்து கிடக்கும். காலையில் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் பல் தேய்ப்பார். செய்தி கேட்பதற்கு இல்லை, வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குத்தான். தனியாக இருப்பது அவருக்குப் பிடிக்கவே இல்லை. பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்வார். பழகவில்லை.

ஆனால் சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. சாயங்காலம் என்றால் டிரைவர் அண்ணன்.

டிரைவர் பக்கத்து வீடு. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கட்டையான கழுத்தும் கணீரென்ற குரலுமாக இருப்பார். அவர்தான் டேப்பு என்ற பெயரை வைத்தவர், நேருக்கு நேராகக் கூப்பிட்டவரும் அவர்தான். டேப்பு கல்யாணமான புதிதில், சுருட்டை முடியும் புது மனைவியுமாக இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த கம்பி வலையை அளந்து பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து, "என்ன டேப்பு, சட்டை தைக்கப் போறியா எங்க வேலிக்கு?" என்று குரல் வந்தது. அன்று தொடங்கிய சிநேகிதம்.

சாயங்காலம் இவர் இந்தப் பக்கம் ஒரு நாற்காலியைப் போடுவார், அவர் அந்தப் பக்கம் ஒன்றைப் போடுவார், வலை நடுவில் நிற்கும். டிரைவர் பேப்பர் வாங்குவார், படித்து முடித்துச் சுருட்டி வலையின் ஓர் ஓட்டை வழியாக இவரிடம் தள்ளுவார். தள்ளித் தள்ளி அந்த ஓட்டை மட்டும் கை நுழைகிற அளவுக்குப் பெரிதாகிவிட்டது. "இந்த ஓட்டைக்கு நோட்டீஸ் கிடையாதா டேப்பு? சொந்த வேலின்னா சட்டம் தூங்குதா?" என்பார் டிரைவர். "ஓட்டைக்கு உயரம் கிடையாதுண்ணே, அளக்க முடியாது" என்பார் இவர். இந்த ஜோக்கை எத்தனையோ வருஷமாகச் சொல்லி எத்தனையோ வருஷமாகச் சிரித்தார்கள். டேப்புவின் மனைவி இறந்தபோது டிரைவர் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பிரேக் பிடிக்காமல் போன ஒரு பஸ்ஸைப் பற்றி இருட்டும் வரை பேசினார். அன்றைக்குத் தான் பிழைத்துக்கொண்டதாக டேப்பு பின்னால் டைப்பிஸ்ட் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த வருஷம்தான் ஏதோ மாறியது. டிரைவர் சொன்னதையே திரும்பச் சொன்னார். வயசானால் அப்படித்தான் என்று இவர் சிரித்துக்கொண்டார். சில நாள் பழைய பேப்பர் வந்தது. அதையும் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு சாயங்காலம் டிரைவர் இவரையே உற்றுப் பார்த்தார், எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த நாளும் வெளியே வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் டேப்பு வேலை முடிந்து வந்து பார்க்கிறார், இரண்டு வீட்டுக்கும் நடுவே தகரம் நிற்கிறது! கம்பி வலையை ஒட்டி அந்தப் பக்கம், ஆள் உயரத்துக்கும் மேலே, துருப்பிடித்த தகர ஷீட்டுகள். இரும்புக் குழாய்களில் வைத்துக் கம்பியால் கட்டியிருந்தது. பேப்பர் ஓட்டைக்கு நேராகவும் தகரம்தான்.

அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நின்ற இடத்திலேயே காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார். போன மாதம் டிரைவர் மனைவியின் தம்பி தன் வீட்டில் டயர்களை அடுக்கி வேலி போட்டிருந்தான். இவர்தான் எடுக்க வைத்தார். அப்போது டிரைவர் வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கோபம்தான் இது. இல்லாவிட்டால் மரம் இருக்கிறது, செங்கல் இருக்கிறது, வேலிக்காரன் வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே தகரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்களா? 'தகரம்! அதுவும் எனக்கு!' என்று மனசு கொதித்தது. கொதித்து அடங்கினால் உள்ளே அழுகைதான் இருந்தது. அன்று நாற்காலியைத் தகரத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கூட உட்கார முடியவில்லை. உள்ளே போய் ரேடியோவைப் போட்டார்.

அந்தப் பக்கம் போய்க் கதவைத் தட்டி, என்னண்ணே ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்பதுதான் அவர் வழக்கமே இல்லையே! போதாததற்கு மனுஷன் ரோஷத்தில் வேறு இருந்தார்.

அந்த வாரமே எதிர்வீட்டுக்காரர் தெருவில் மடக்கினார். அவருடைய தகரத்தை இவர் முன்னொரு காலத்தில் பிடுங்க வைத்திருந்தார்.

"என்ன சார், எங்க தகரம்னா மட்டும் கண்ணு குத்துச்சு. பக்கத்து வீட்டுத் தகரம் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது" என்றார் டேப்பு.

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க?"

"சும்மா இருக்க மாட்டேன்."

உண்மையைச் சொன்னால், எதிர்வீட்டுக்காரர் கேட்டது அவருக்கு வசதியாகப் போயிற்று. மறுநாள் அலுவலக சட்டையோடு, பெல்ட்டில் நாடாவோடு, பக்கத்து வீட்டுக் கேட்டை வெளி ஆளைப் போலத் தட்டினார். டிரைவரின் மனைவி வந்தார். இவருக்கு அவர் அண்ணி. கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. அதை டேப்பு பார்த்தார், ஆனால் மனசில் ஏற்றிக்கொள்ளவில்லை.

தகரத்தை அளந்தார். அளக்கவே தேவையில்லை, தகரம் எத்தனை உயரம் இருந்தாலும் தகரம்தான். இருந்தாலும் அளந்தார்.

"தம்பி, இதைக் கொஞ்ச நாளைக்கு விட்டு வைக்க முடியாதா?"

"ரூல்ஸ் அண்ணி."

"உங்க ரூல்ஸ் எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா காதுல கேட்டுக்கிட்டுதானே இருக்கேன். இருந்தாலும்..."

அண்ணி ஏதோ சொல்ல வந்தார். உதட்டைக் கடித்து இவர் முகத்தையே பார்த்தார். இவர் என்ன என்று கேட்பார் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. இவர் பேனாவை எடுத்து எழுதினார், தாளைக் கிழித்து நீட்டினார். உள்ளேயிருந்து டிரைவரின் குரல், "யாரு அது? யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டது. அண்ணி பதறிப்போய் உள்ளே திரும்பி, "யாருமில்ல, யாருமில்ல" என்றார்.

யாருமில்லையாம். இத்தனை வருஷ சிநேகிதத்துக்கு அந்த வீட்டில் இப்போது யாருமில்லை என்று பெயர். அதை அப்படியே சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

நோட்டீஸில் கொடுத்த கெடு முடிகிற நாளில் அண்ணியின் தம்பி வந்தான். டயர் வேலிக்காரன். ஷீட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வண்டியில் ஏற்றினான். ஜன்னல் ஓரமாக நின்று டேப்பு பார்த்துக்கொண்டிருந்தார். தகரம் போகப் போகப் பழைய வலை தெரிந்தது, ஓட்டை தெரிந்தது, அந்தப் பக்கத்து நாற்காலியும் தெரிந்தது. கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. குளித்தார். சலவை சட்டை போட்டார். அண்ணனிடம் என்ன பேசலாம் என்று யோசித்து வைத்தார். அண்ணனின் மச்சானுக்கு நோட்டீஸ் கொடுத்தது தப்பில்லை, ஆனால் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், அது தப்பு, அதைச் சொல்லி ஒத்துக்கொண்டுவிடலாம். அண்ணன் இரண்டு திட்டு திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம். நாற்காலியை வலையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட இப்படிப் படபடத்ததில்லை.

டிரைவர் வெளியே வந்தார். கையில் டீ டம்ளர். இளைத்திருந்தார், சட்டை தோளில் தொங்கியது. நாற்காலியில் உட்காரப் போனவர் இவரைப் பார்த்தார்.

"அண்ணே" என்றார் டேப்பு, எழுந்து வலையைப் பிடித்துக்கொண்டு.

டம்ளர் பறந்து வந்தது. வலையில் பட்டுத் தெறித்து, டீ இவர் சலவை சட்டை மேலெல்லாம் விழுந்தது.

"யார்றா நீ? ஏன்டா என்னையே பாக்குற? ஏய், இங்க வா, வந்துட்டான் பாரு, மறுபடி வந்துட்டான்!"

அந்தக் கணீர்க் குரல் நடுங்கியது. ஒரு காலத்தில் ரோட்டை மறித்த லாரிக்காரனை ஒற்றைச் சத்தத்தில் நகர்த்தியவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். அண்ணி ஓடிவந்து அவரை அணைத்து உள்ளே கூட்டிப் போனார். கதவைச் சாத்தினார். டேப்பு வலையைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

வெகு நேரம் கழித்து அண்ணி வந்தார். வலைக்கு அந்தப் பக்கம் நின்றபடி, தரையில் கிடந்த டம்ளரை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே பேசினார்.

"மறதி தம்பி. டாக்டர் ஏதோ பேர் சொன்னாரு, வாயில நுழையல. என்னைத் தெரியுது. பழைய ஆளுங்க பேரெல்லாம் தெரியுது. உங்களை மட்டும்..."

"என்னை மட்டும்?"

"கம்பிக்குப் பின்னால ஒரு கிழவன் உக்காந்து என்னையே நோட்டம் விடுறான்றாரு. ஜெயில்ல அடைச்ச மாதிரி இருக்குன்றாரு. ராத்திரி தூக்கமே இல்ல, வந்துடுவான் வந்துடுவான்னு ஜன்னலையே பாத்துக்கிட்டிருக்காரு. நான் என்ன பண்ணுவேன்? என் தம்பிகிட்ட அழுதேன், அவன் தன் கடையில கிடந்த தகரத்தைக் கொண்டுவந்து கட்டிட்டுப் போனான். அது நின்ன நாள்லதான் மனுஷன் கொஞ்சம் கண்ணசந்தாரு."

டேப்பு சின்னப் பிள்ளை மாதிரி, "ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"எப்படிச் சொல்றது? உங்களைப் பாத்தாதான் பயப்படுறாருன்னு உங்க மூஞ்சியைப் பாத்து எப்படிச் சொல்றது? உங்களுக்கும் வேற யாரு இருக்கா?" அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டார். "அதோட, நீங்க கேக்கவே இல்லையே தம்பி. அளந்தீங்க, போய்ட்டீங்க."

இது குத்தலாகச் சொன்னதில்லை. அண்ணிக்குக் குத்தலாகப் பேசத் தெரியாது. அதனால்தான் இன்னும் வலித்தது.

அன்று அவர் விளக்குப் போடவில்லை, ரேடியோவும் போடவில்லை. தன் கையாலேயே அண்ணனின் நிம்மதியைப் பிடுங்கி வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம் என்பது ஒரு பக்கம். உலகத்தில் தனக்கென்று இருந்த ஒரே ஒரு மனுஷனுக்குத் தன் முகம் பேயாகிவிட்டது என்பது இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. கண்ணாடியில் போய்ப் பார்த்தார். வழுக்கை, ஒட்டிய கன்னம், மூக்குக் கண்ணாடி. அண்ணன் சொன்னதில் தப்பில்லை, ஒரு கிழவன்தான் நின்றான்.

மறுநாள் லீவு போட்டார். அலுவலகமே ஆடிப்போயிற்று. நேரே மரக்கடைக்குப் போனார். ஆள் உயரத்துக்குப் பலகை வேண்டும் என்றார். மரக்கடைக்காரருக்கும் ஒருமுறை நோட்டீஸ் கொடுத்திருக்கிறார், அவர் விடுவாரா?

"அளவு சரியா சொல்லுங்க சார், அப்புறம் யாராவது வந்து நோட்டீஸ் ஒட்டிடப் போறாங்க."

"நான்தான் வருவேன். நீங்க அறுங்க."

"யாரு அடிக்கப் போறது? ஆள் அனுப்பட்டுமா?"

"நானே அடிச்சுக்குவேன்."

மரக்கடைக்காரர் அவருடைய கையைப் பார்த்தார். பேனா பிடித்த கை. கொஞ்சம் ஆணிகளை அதிகமாகவே பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

மத்தியானம் டிரைவர் படுத்திருக்கிற நேரமாகப் பார்த்து வேலையை ஆரம்பித்தார். கம்பி வலையை அப்படியே விட்டு, தன் பக்கத்தில் கட்டைகளை நட்டுப் பலகையை அடித்தார். முதல் பலகை, அண்ணனின் நாற்காலிக்கு நேராக. தகரத்துக்கு அனுமதி இல்லை, பலகைக்கு உண்டு. உயரம் சரி. அடியில் ஒரு கை இடைவெளியும் சரி. வாழ்க்கையில் எத்தனையோ வேலிகளை அளந்தவருக்கு ஒரு வேலி கட்டத் தெரியவில்லை. ஆணி வளைந்தது, பலகை பிளந்தது, கட்டை விரலில் அடித்துக்கொண்டு குதித்தார். அண்ணன் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அந்த நினைப்பு வந்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தார்.

ஒவ்வொரு பலகையாக அந்தப் பக்கம் மறைந்துகொண்டே வந்தது. துணி காயும் கொடி மறைந்தது, குழாயடி மறைந்தது, படிக்கட்டு மறைந்தது. சில நாளில் வாசல் கேட் பக்கத்தில் ஓர் ஆள் அகலம்தான் பாக்கி இருந்தது. அன்று சாயங்காலம் சுத்தியலை ஓங்கும்போது பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"யாருப்பா அது, கார்ப்பென்டரா?"

டேப்புவுக்குக் கை அப்படியே நின்றது. பதில் சொன்னால் பயந்துவிடுவாரோ? சொல்லாவிட்டால் அதற்கும் பயந்துவிடுவாரோ?

"ஆமாண்ணே" என்றார்.

"நல்லதாப் போச்சு. நல்லா அடி. ஒரு கிழவன் தொல்லை தாங்கல இந்தப் பக்கம்."

"சரிண்ணே."

"உன் சுத்தியல் சத்தமே சரியில்லையே. புதுசா தொழிலுக்கு?"

"ஆமாண்ணே, புதுசு."

"பரவாயில்ல, கத்துக்கலாம். நான்கூட முதல் நாள் பஸ்ஸை டிப்போ சுவத்துல விட்டேன்."

அந்தக் கதை டேப்புவுக்கு மனப்பாடம். டிப்போ சுவர், மேனேஜரின் சைக்கிள், சைக்கிளின் மணி மட்டும் நசுங்காமல் ஒலித்தது. ஆனாலும் கேட்டார். முகம் தெரியாததால் அண்ணனின் குரலில் பயமே இல்லை. பழைய கணீர்க் குரல் பாதியாவது திரும்பி வந்திருந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் டேப்பு சிரித்தார், கன்னத்தில் வழிந்ததைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே.

"ஏம்ப்பா கார்ப்பென்டர், நீ அந்தப் பக்கத்து வீட்டுக்குள்ளதானே நிக்கிற?"

"ஆமாண்ணே."

"அங்க ஒருத்தன் இருப்பான். டேப்புன்னு பேரு. நகராட்சியில வேலை. சுருட்டை முடியா, சின்ன வயசுக்காரன். இருக்கானா பாரு."

டேப்பு தன் வழுக்கையைத் தடவினார்.

"இல்லையா?" என்றார் டிரைவர். "கொஞ்ச நாளாவே ஆளைக் காணோம். தினமும் வருவான், இங்கதான் உக்காருவான். எங்க போனான்னு தெரியல. என் மேல கோவமோ என்னமோ. பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன்ப்பா, தனியா இருக்கான். அவனை நினைச்சா எனக்குத் தூக்கமே வரதில்ல."

"கோவமெல்லாம் இருக்காதுண்ணே" என்றார் டேப்பு. "பாத்தா சொல்றேன்."

"கட்டாயம் சொல்லு. இரு இரு, இதை அவன்கிட்ட குடு."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. முனகலோடு குனிகிற சத்தம் கேட்டது. கம்பி வலையின் தூக்கி நின்ற அடி ஓரத்தைத் தாண்டி, பலகைக்கு அடியில் மழைத் தண்ணீருக்காக விட்ட இடைவெளி வழியாக, சுருட்டிய பேப்பர் ஒன்று மெல்ல நகர்ந்து வந்தது. டேப்பு குனிந்து எடுத்தார். எப்போதோ வந்த பேப்பர், ஓரமெல்லாம் பழுத்திருந்தது. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

மிச்சமிருந்த ஓர் ஆள் அகலத்தை அன்றைக்கே அடைத்தார். எட்டிப் பார்த்தால் அண்ணன் முகம் தெரிகிற தூரம்தான். எட்டிப் பார்க்கவில்லை. கடைசி ஆணியை அடித்து முடித்ததும் அந்தப் பக்கமிருந்து, "முடிஞ்சுதா?" என்று குரல் வந்தது. அதில் ஒரு ஏமாற்றம் இருந்தது, அல்லது இருப்பதாக இவருக்குப் பட்டது.

"இல்லண்ணே. இன்னும் நிறைய வேலை இருக்கு. நாளைக்கும் வருவேன்."

"வா வா."

மறுநாள் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அம்மா கேட்டார். "வேலி கட்றீங்களாமே சார், ஊரே பேசிக்குது. முடிஞ்சுதா?"

"இன்னும் இல்லம்மா" என்றார் டேப்பு. பிறகு என்ன தோன்றியதோ, கிளம்பும்போது நின்று, "நீங்க எப்படி இருக்கீங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அந்த அம்மா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியைப் பலகையை ஒட்டிப் போட்டார். கிடுக்கியை எடுத்து, நேற்று அடித்த ஆணிகளில் ஒன்றைப் பிடுங்கினார். அதை நிமிர்த்தி அதே ஓட்டையில் வைத்து மெதுவாக அடிக்கத் தொடங்கினார்.

"வந்துட்டியா கார்ப்பென்டர்? அவனைப் பாத்தியா?"

"பாத்தேண்ணே. உங்களை ரொம்ப விசாரிச்சான்."

"நல்லா இருக்கானா?"

டேப்பு ஆணியை இன்னொரு தட்டு தட்டினார்.

"நல்லா இருக்கான்ண்ணே" என்றார்.

"வரச் சொல்லு" என்றார் டிரைவர்.

"சொல்றேன்ண்ணே" என்று சொல்லிவிட்டு, ஆணி முழுவதும் இறங்கிவிடாதபடி, இன்னும் மெதுவாக அடித்தார்.